பிள்ளையின் முந்திய நிலை

மலைநாட்டுச் சிறுவர் மூளைக்காய மறுவாழ்வுச் சபையில் குணமாகாத பிள்ளை என்று ஒன்று இருந்ததே இல்லை. நுவரெலியாவில், குதிரைப் பந்தயத் திடலுக்கு மேலே, எந்தத் துரையோ விட்டுவிட்டுப் போன பழைய பங்களாவில் அந்தச் சபை நடந்து வந்தது. வாசலில் ஒரு பெரிய பலகை. அதில் சபையின் பெயர் மூன்று மொழிகளிலும், அதற்குக் கீழே ‘குணமடைந்தோர்: நூறு வீதம்’ என்றும் எழுதியிருந்தது. ஐம்பத்தாறாம் ஆண்டு தனிச் சிங்களச் சட்டம் வந்ததும் ஒரு மொழியை அழித்தார்கள், இன்னொரு மொழியைப் பெரிதாக்கினார்கள். நூறு வீதத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

அதற்கு முந்திய வருஷம் அங்கே ஒரு பிள்ளை நிமோனியாவில் செத்துப்போனது. அந்தப் பிள்ளை ‘முழுமையாகக் குணமடைந்த நிலையில் காலமானது’ என்று ஆண்டறிக்கையில் இருக்கிறது. நிமோனியா வேறு இலாகா.

ஐப்பசி மழையில், இந்தப் பலகைக்குக் கீழே, அழகுமுத்து தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். கந்தப்பளைக்கு மேலே ஆனைப்பள்ளத் தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் அவனைக் கூப்பிடுவார்கள். அதே காரணத்துக்காக, சாவு வீட்டில் அவனைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைப்பார்கள். அவன் வாயைத் திறந்தால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

மகள் நாகலெட்சுமிக்கு ஒன்பது வயது. மலை உச்சியிலிருந்து கொழுந்துச் சாக்குகளைக் கம்பியில் மாட்டி, தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு இறக்குவார்கள். கம்பியின் அடிவாரத்தில் அவள் நின்றிருந்தபோது ஒரு சாக்கு கொக்கி கழன்று தலையில் விழுந்தது. பதினெட்டு நாள் கண் திறக்கவில்லை. திறந்த பிறகு அம்மாவையும் ஆஸ்பத்திரிச் சுவரையும் ஒரே மாதிரிப் பார்த்தாள்.

“தினமும் கையைக் காலைப் பழக்க வேண்டும், விழுங்கப் பழக்க வேண்டும், பேச்சைப் பழக்க வேண்டும்,” என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். “ஒரு வருஷம் விடாமல் செய்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரலாம். விட்டால் இப்படியே இறுகிவிடும். இதைச் செய்ய மலைநாட்டில் ஒரே ஓர் இடந்தான் உண்டு.”

அந்த இடத்தின் செயலாளர் பரமலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடி போட்டவர், அழகாக எழுதுகிறவர். அவர் முன்னால் முப்பத்துநான்கு கட்டங்கள் உள்ள ஒரு படிவம் இருந்தது. முதல் கட்டத்தின் தலைப்பு: பிள்ளையின் முந்திய நிலை.

“காயத்துக்கு முந்தி பிள்ளை எப்பிடி இருந்தது?” என்று கேட்டார்.

லயத்தில் யாரும் அடுத்தவர் முன்னால் பெற்ற பிள்ளையைப் புகழ மாட்டார்கள், கண் பட்டுவிடும். அழகுமுத்துவின் அண்ணன் பெயர் மூக்கன். மூன்று பிள்ளை செத்து நாலாவதாகப் பிறந்ததால், மூக்கைக் குத்தி, குப்பை மேட்டில் புரட்டி, ஒரு படி தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்று ஊருக்குச் சொல்லி வளர்த்தார்கள். ஆள் இன்றைக்கும் மரம் ஏறுகிறார். இதெல்லாம் போகட்டும். சாக்கு விழுவதற்கு எட்டு நாள் முன்னால், காலையில் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பை நாகலெட்சுமி கடகடவென்று படித்ததை, மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கையா பார்த்துவிட்டார். “இந்தப் புள்ள பெரிய படிப்பு படிச்சு வருண்டா,” என்று வேலைக்குப் போகிற அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார். அழகுமுத்துவும் மனைவி வீரம்மாவும் அந்தக் கொக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கண்டாக்கையாவின் வாயைப் பற்றித்தான் பேசினார்கள்.

அதனால் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத மனிதரைப் பார்த்ததும் அழகுமுத்து உஷாரானான். மிச்சம் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும் அல்லவா. செய்வதைத் திருந்தச் செய்கிற ஆள் ஆகையால் நன்றாகவே சொன்னான்.

“அதுவாங்க சாமி? அது ஒரு கல்லுங்க. கூப்புட்டா திரும்பிப் பாக்காது. ஊட்டுனாத்தான் திங்கும். வாயில என்ன கொழுக்கட்டையா இருக்குன்னு கேட்டாக்கூட பதில் வராது. உக்கார வச்ச எடத்துலயே கெடக்கும். ஒண்ணுத்துக்கும் ஒதவாதுங்க.”

லயத்தில் இதை யார் கேட்டிருந்தாலும் புரிந்துகொண்டிருப்பார்கள்: இந்த மனுஷன் வீட்டில் ஒரு மாணிக்கம் வைத்திருக்கிறான். பரமலிங்கத்தின் ஊரிலும் கண்ணூறு, நாவூறு உண்டு. ஆனால் அது வீட்டில். அலுவலகத்தில் கிடையாது. அவர் எழுதினார்: ஒன்று, அழைத்தால் திரும்பாது. இரண்டு, ஊட்டினால் மட்டும் உண்ணும். மூன்று, வினவினால் விடையில்லை. நான்கு, இருத்திய இடத்தில் இருக்கும். பொது: கல்.

“கைநாட்டு வையும்,” என்றார். அழகுமுத்து வைத்தான்.

பங்களாவில் பதினொரு கட்டில்கள் இருந்தன, பிள்ளைகளைப் பார்க்க சோமா என்ற ஒரு மிஸி, அதாவது நர்ஸ். சபையில் வேலை என்று ஏதாவது நடந்தால் அதைச் செய்தது அந்தச் சிங்களப் பெண்தான். நாகலெட்சுமியின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுவாள். தொண்டையைத் தடவிக் கஞ்சியை இறக்குவாள். முகத்துக்கு நேரே உட்கார்ந்து “அம்மா, அம்மா” என்று வாயைப் பெரிதாகத் திறந்து காட்டுவாள். தைப் பொங்கலுக்கு வீரம்மா வந்தபோது பிள்ளைக்குக் கஞ்சி புரையேறாமல் இறங்கியது. அன்றைக்கு வீரம்மா சோமாவின் காலில் விழப் போனாள். சோமா அவளைத் தடுத்து, அவள் கையில் கரண்டியைக் கொடுத்தாள்.

அதற்கு அடுத்த வாரம் பரீட்சை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிள்ளை எவ்வளவு குணமாகியிருக்கிறது என்று சபை அளந்து பார்க்கும். அளக்க வந்தவர் தலைவர், முப்பது வருஷம் தோட்டம் நடத்தி ஓய்வு பெற்ற வெள்ளைக்காரத் துரை. தேயிலையை அடியோடு வெட்டினாலும் துளிர்க்கும் என்பது அவருக்குத் தெரியும். மூளைக்கும் அது போதும் என்று சபை கருதியது. அழகுமுத்து கைகட்டி ஓரமாக நின்றான்.

“நாகலெட்சுமி,” என்று பரமலிங்கம் கூப்பிட்டார்.

பிள்ளை திரும்பவில்லை.

பரமலிங்கம் படிவத்தைப் பார்த்தார். “முந்தியும் திரும்பாது. சரி.” ஒரு சரி அடையாளம் போட்டார்.

கஞ்சிக் கிண்ணத்தை முன்னால் வைத்தார்கள். பிள்ளை அதைப் பார்க்கவேயில்லை. சோமா ஊட்டினாள், இறங்கியது. “முந்தியும் ஊட்டினால்தான். சரி.”

“உன்ரை பேர் என்ன?” பதில் இல்லை. “சரி.”

நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எல்லோரும் தேநீர் குடிக்கப் போனார்கள். அரை மணி கழித்து வந்தபோது பிள்ளை அங்கேயே இருந்தது. தலைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “கல்” என்பதை அவருக்கு விளக்கியதும், பிள்ளையின் தோளைத் தட்டிப் பார்த்து, அதற்கும் ஒரு சரி போடச் சொன்னார்.

“நீர் அதிர்ஷ்டக்காரன்,” என்றார் பரமலிங்கம். “மூண்டு மாசத்தில பிள்ளை பழைய நிலைக்கு வந்திட்டுது. நாலுக்கு நாலு. வாற மாசம் கூட்டிக்கொண்டு போகலாம். கட்டில் வேற பிள்ளைக்கு வேணும்.”

அழகுமுத்து சிரித்துவிட்டான். அவன் சொல்கிற மாதிரியே இன்னொருவரும் வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தான். பரமலிங்கம் சிரிக்காததைப் பார்த்ததும் மேசைப் பக்கம் ஓடினான்.

“சாமி, அது சும்மா சொன்னதுங்க.”

“சும்மா சொன்னதுக்கோ கைநாட்டு வைச்சனீர்?”

“கண்ணு பட்டுறும்னு சொன்னதுங்க.”

“ஆற்றை கண்?”

“ஒங்க கண்ணுதாங்க சாமி.”

பரமலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “பிள்ளை கெட்டிக்காரியாய் இருந்தது எண்டால் ஆதாரம் கொண்டுவாரும். படிவத்தை ஆதாரத்தால்தான் திருத்தலாம். அழுகையால திருத்தேலாது.”

அழகுமுத்து தோட்டத்துப் பள்ளிக்கூட ஆசிரியை சிவனேஸ்வரியிடம் ஓடினான். அவர் ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொடுத்தார்: ஐந்து வகுப்புகளும் ஒரே கூடத்தில் நடக்கும் பள்ளியில், தனக்கு உடம்பு சரியில்லாத நாளில் கீழ் வகுப்புகளை இந்தப் பிள்ளைதான் நடத்தும் என்று. பரமலிங்கம் அதை முழுவதும் படித்தார். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தவும் செய்தார்.

“திகதி பாரும். நேற்று எழுதினது. காயத்துக்குப் பிந்தி எழுதினது காயத்துக்கு முந்தின நிலையைச் சொல்லாது. முந்தி எழுதின சாட்சி வேணும்.”

“காயம் படும்னு முந்தியே தெரிஞ்சிருந்தா சாட்சியா எழுதி வாங்கியிருப்பேன் சாமி? சாக்கைப் புடிச்சிருக்க மாட்டேன்?”

“அது வேற கேள்வி. இந்தப் படிவத்தில இல்லை.”

முந்தி எழுதிய சாட்சி இருக்கத்தான் செய்தது. லயத்தின் பத்தொன்பது காம்பரா வீடுகளின் கடிதங்களையும் எழுதியவள் நாகலெட்சுமி. முசிறி, துறையூர், லால்குடி என்று எங்கெங்கோ இருக்கிற அக்கா தங்கைக்கும் சித்தப்பனுக்கும் லயத்து ஜனங்கள் சொல்லச் சொல்ல எழுதுவாள். அந்தக் கடிதங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் கிடந்தன. அவற்றைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதலாம் என்றால், எழுதுகிறவள் கட்டிலில் கிடந்தாள். கடைசியில் சிவனேஸ்வரி டீச்சரே எழுதினார். சபை ஒரு மாதம் தவணை கொடுத்தது. சபை இரக்கமில்லாத சபை அல்ல.

ஐந்து கடிதங்கள் வந்தன. எட்டாம் காம்பரா காளியாயியின் தங்கச்சி, மஞ்சள் கறை படிந்த மூன்றைத் துணியில் சுற்றி அனுப்பியிருந்தாள். ஒவ்வொன்றிலும் தபால் முத்திரை, முத்திரையில் திகதி. எல்லாம் சாக்கு விழுவதற்கு முந்தியவை. அழகுமுத்து அவற்றை மேசைமேல் பரப்பினான். பரமலிங்கம் எடுத்துப் படித்தார். ஒன்றை இரண்டு தடவை படித்தார்.

“நல்ல எழுத்து,” என்றார் மெதுவாக. “எங்கடை கிளாக்கருக்கும் இப்பிடி வராது.” பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். “இது இந்தப் பிள்ளை எழுதினது எண்டதுக்கு என்ன அத்தாட்சி?”

“கீழ அது பேரு போட்டிருக்குங்களே.”

“பேரை ஆரும் போடலாம். பிள்ளை இப்ப ஒரு வரி எழுதட்டும். ஒப்பிட்டுப் பாப்பம்.”

நாகலெட்சுமியைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். கையில் பேனாவை வைத்தார்கள். விழுந்தது. எடுத்து வைத்தார்கள். விழுந்தது. மூன்றாவது தடவை சோமா குனிந்து எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். செயலாளர் பேனாவைக் கேட்டார். அவளுக்குத் தமிழ் விளங்காத மாதிரி நின்றாள். அவர் இன்னொரு பேனா எடுத்து எழுதினார்: கையெழுத்து ஒத்துப்போகவில்லை.

வெளியே வந்து கூடத்தில் அழகுமுத்துவைத் தனியாகப் பிடித்து, பரமலிங்கம் தாழ்ந்த குரலில் பேசினார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம்.

“நான் உமக்கு எதிரி இல்லை, விளங்குதோ. எனக்கும் பெட்டைப் பிள்ளை இருக்குது. ஆனால் உம்மடை பிள்ளை குணமாகேல்லை எண்டு எழுதினால் பலகையை என்ன செய்யிறது? தொண்ணூற்றொரு வீதம் எண்டு போட்டால், மிச்சம் ஒன்பது வீதம் ஆர் எண்டு கொழும்பில கேப்பினம். அந்தப் பிள்ளையைப் பாக்க வருவினம். வந்தவை சும்மா போவினமோ? மற்றப் பிள்ளையளையும் பாப்பினம்.”

“பாக்கட்டுமே சாமி.”

பரமலிங்கம் அவனை வியப்போடு பார்த்தார். இந்த யோசனை சபையில் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

சித்திரையில் நுவரெலியாவில் பூக்கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் நடக்கும்போது சபையின் ஆண்டுக் கூட்டமும் நடக்கும். பெரிய மனிதர்கள் எப்படியும் குளிருக்கு வந்திருப்பார்கள், குதிரை ஓடாத நேரத்தில் பிள்ளைகளையும் பார்த்துவிட்டுப் போகலாம். அந்த வருஷம் மிக விரைவாகக் குணமான பிள்ளை என்று நாகலெட்சுமியை மேடையேற்றத் தீர்மானித்தார்கள். பிள்ளையின் தகப்பன் நன்றி சொல்ல இரண்டு நிமிஷம். அதோடு அவள் வீட்டுக்குப் போகலாம்.

அழகுமுத்து காம்பராவில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீரம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்:

“ஏங்க, நீங்க சொன்னதாலதானே இத்தனையும். நீங்களே போயி மாத்திச் சொல்லிட்டு வாங்க.”

“அத்தனை பேரு முன்னாலயா? பெத்த புள்ளயப் பெருமையாவா?”

“கண்ணு பட்டா படட்டும். இன்னுமே அங்க படுறதுக்கு என்ன கெடக்கு?”

கூட்டத்தில் தொப்பி வைத்த சீமாட்டிகள், டை கட்டிய கனவான்கள், முன்வரிசையில் ரோஜாத் தொட்டிகள். மேடையில் பதினொரு நாற்காலிகளில் பிள்ளைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு பிள்ளையின் தலை தொங்காமல் இருக்க சோமா பின்னால் நின்று கையால் தாங்கிக்கொண்டிருந்தாள். அவள் கை படத்தில் விழாத மாதிரி புகைப்படக்காரர் பார்த்துக்கொண்டார்.

அழகுமுத்துவைக் கூப்பிட்டார்கள். கவ்வாத்துக் கத்தி பிடித்த கையால் ஒலிவாங்கியைப் பிடித்தான்.

“ஐயாமாரே, அம்மாமாரே. நான் இந்தப் புள்ளயப் பத்தி ஒரு பொய்யி சொல்லிட்டேன். கல்லுன்னு சொன்னேன். இது கல்லு இல்லீங்க. எங்க லயத்துல பத்தொம்பது வீட்டுக்கும் காயிதம் எழுதுனது இதுதான். காளியாயி மகன் போலீசு புடிச்சு மறியல்ல இருந்தப்ப, ஊருல இருக்குற சித்தி பயந்துருமேன்னு, அட்டனுக்கு வேலைக்குப் போயிருக்கான்னு இதுவா எழுதுச்சு. நாங்க யாரும் சொல்லிக் குடுக்கல. ஊருலேருந்து காயிதம் வந்தா மொதல்ல வாய்க்குள்ள படிக்கும். நல்ல சேதின்னா ஒடனே ஒரக்கப் படிக்கும். சாவுச் சேதின்னா, ‘நீங்க சாப்புட்டுட்டு வாங்க, அப்பறம் படிக்கிறேன்’னு சொல்லும். வெறும் வயித்துல அழுவக் கூடாதுன்னு. ஒம்பது வயசுங்க. அது சாப்புடச் சொன்னாலே எங்க பொம்பளைங்க அழ ஆரம்பிச்சிருவாங்க.”

அவன் பேச்சில் முதல் தடவையாக யாரும் சிரிக்கவில்லை.

“இப்ப அதுல ஒண்ணும் இல்லீங்க. ஒரு சொல்லு இல்ல. கஞ்சி எறங்குது, அம்புட்டுத்தான். அதையும் அந்த மிஸியம்மாதான் எறக்குனாங்க. இன்னும் ஒரு வருசம் வச்சுப் பாருங்க. கொணமாகலன்னு எழுதிக்குங்க. என் புள்ள கெட்டிக்காரிங்க. அத நான் சொல்லாம விட்டதுக்கு அத வெளிய தள்ளாதீங்க.”

பரமலிங்கம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தார். ஒரு சீமாட்டி கைக்குட்டையை எடுத்தாள். தலைவர் எழுந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அவர் பேசியதைப் பரமலிங்கம் தமிழில் சொன்னார்:

“கனவான்களே, சீமாட்டிகளே. ஆறு மாதத்துக்கு முன் இதே மனிதர் தம் மகளைக் கல் என்று சத்தியம் செய்து கைநாட்டு வைத்தார். அந்தப் படிவம் என்னிடம் இருக்கிறது. இன்று அதே மனிதர் அதே பிள்ளையை மேதை என்கிறார். பிள்ளையோ அன்று இருந்தபடியே இருக்கிறது. அப்படியானால் மாறியது யார்? தகப்பன். பெற்ற பிள்ளையின் அருமை தெரியாத ஒரு தொழிலாளியின் உள்ளத்தை இந்தச் சபை திறந்திருக்கிறது. அவர் இன்னும் வேண்டும் என்கிறார். ஆசை பிறந்துவிட்டது. அந்த இடத்தில் நம்முடைய வேலை முடிகிறது. நாம் பிள்ளையை மட்டுமல்ல, தகப்பனையும் குணப்படுத்திவிட்டோம்.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. தகப்பனையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஒரு கனவான் பிரேரித்தார். இன்னொருவர் ஆமோதித்தார். பதினொரு பிள்ளைகள், பன்னிரண்டு குணம். பரமலிங்கம் காகித ஓரத்தில் வகுத்துப் பார்த்து, நூற்றொன்பது வீதம் என்று அறிவித்தார். புள்ளிக்குப் பின்னால் வந்ததை அடக்கத்தின் பொருட்டு விட்டுவிட்டார்கள்.

பிள்ளைக்கு ஒரு நற்சான்றிதழும், எழுதிப் பழக ஒரு சிலேட்டும் பரிசளித்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த சோமா, மகளோடு புறப்பட்ட அழகுமுத்துவைக் கண்டதும் விரிப்பை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். “அப்பா, இஞ்ச வாங்க, கெதியா,” என்று நடைபாதையில் அவனை உட்கார வைத்தாள். பிள்ளையின் கையை அவன் மடியில் வைத்தாள். “பெரு விரல், பத்துத் தரம். மடக்கு, நீட்டு. மெதுவா. பெறகு அடுத்தது. காலையில ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. தொண்ட இப்பிடித் தடவணும்.” அவன் செய்தான். அவள் திருத்தினாள். மறுபடி செய்தான். “ஹரி. ஹரி,” என்று சிங்களத்தில் சரி சொன்னாள். கால் மணி நேரம் ஓடியது. கடைசியாக ஒன்று சொன்னாள்: “சில நேரம் வெரல் தானா இறுக்கும். அது நோய். சில நேரம் புள்ளையே புடிக்கும். எது எண்டு எனக்கும் சொல்ல ஏலாது.”

உடப்புசல்லாவைக்குப் போகும் பஸ்ஸில் கடைசி ஆசனம் கிடைத்தது. வீரம்மா சிலேட்டையும் துணி மூட்டையையும் மடியில் வைத்துக்கொண்டாள். அழகுமுத்து பஸ் புறப்பட்டதுமே தொடங்கிவிட்டான். பெருவிரல் பத்து. ஆள்காட்டி விரல் பத்து. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

“புள்ளைக்கு என்னப்பா?”

“மண்டையில அடிங்க. ரொம்பக் கெட்டிக்காரப் புள்ளைங்க,” என்றான் அழகுமுத்து. கண் கழிய வீரம்மா எச்சிலைத் துப்பவில்லை, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பவும் இல்லை. பெரியவர் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

மோதிர விரலுக்கு வந்து ஏழு எண்ணியபோது, நாகலெட்சுமியின் கை மூடிக்கொண்டது. அவன் சுட்டுவிரல் உள்ளே மாட்டிக்கொண்டது. இறுக்கம் என்றால் நல்ல இறுக்கம். அவள் முகத்தைப் பார்த்தான். அது வழக்கம்போல ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தது. தானா, அவளா என்று அந்த முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

“கந்தப்பளை, கந்தப்பளை,” என்று கண்டக்டர் கத்தினான்.

வீரம்மா மூட்டையோடு எழுந்துவிட்டாள். “என்னங்க, எந்திரிங்க.”

“இரு புள்ள.”

“எறங்கணுங்க.”

“புடிச்சிருக்கு. இழுத்தா விட்டுரும்.”

வீரம்மா குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, மூட்டையை மறுபடி மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

“எறங்குறதா இல்லையா?” என்று கண்டக்டர் எரிந்து விழுந்தான்.

“போங்க தம்பி,” என்றான் அழகுமுத்து. “அடுத்ததுல எறங்கிக்கிறோம்.”

பஸ் மேட்டில் ஏறியது. அடுத்த இடத்திலும் அவள் விடவில்லை.